சாளையில் நிற்கும் பழைய கார்: ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்க வேண்டும்

கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்ட வீட்டை ஒட்டி, தார்ப்பாய் போர்த்தியபடி பத்து இருபது வருடமாக நிற்கிற கார்கள் இன்னும் உண்டு. பெரும்பாலும் அம்பாசிடர், அல்லது எல்லோரும் பியட் என்றே கூப்பிடும் பிரீமியர் பத்மினி. அபூர்வமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பாரு ஓட்டிய வண்டி என்று விற்காமல் வைத்திருந்ததை இப்போது பேரன் எழுப்பிப் பார்க்க நினைக்கிறார். நல்ல காரியம். வீட்டு வாசலில் வைத்தே பிரித்து மாட்டக்கூடிய எளிய வண்டிகள் இவை. ஆனால் வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே பலரும் தவறிவிடுகிறார்கள்.

புது பேட்டரி, அரை லிட்டர் பெட்ரோல், ஒரு மெக்கானிக். இன்ஜின் சத்தம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நினைப்பு. சத்தம் கேட்டதும் இட்டேரி முனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அங்கேதான் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "வண்டி ஓடுதுங்க, நிக்கத்தான் மாட்டேங்குதுங்க." ஆகவே முதல் வேலை பிரேக். அது முடியும் வரை இன்ஜினை மறந்துவிடுங்கள்.

தூக்கி நிறுத்துவதில்

வீடு கட்டி மீந்த ஹாலோ பிளாக் எல்லார் வாசலிலும் கிடக்கும். அதை அடுக்கி அதன்மேல் காரை உட்கார வைத்து அடியில் படுக்கிறார்கள். இதில் உயிர் போகும். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் விரிசல் காட்டாமல், ஒரே நொடியில் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் போகக் கூடாது. அம்பாசிடரிலும் பியட்டிலும் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சுமை தாங்குகிறது. அதனால் ஸ்டாண்டு வைக்கும் இடத்தை முதலில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் அங்கே வெல்டிங் வேலை காத்திருக்கிறது. துருவின்மேல் தார் பூசி மறைத்திருப்பார்கள், அதைச் சுரண்டிவிட்டே குத்த வேண்டும்.

பிரேக்: ஆயில் மட்டும் மாற்றினால் போதாது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதற்கான வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அந்த ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் திடீரென்று இளகிப் போகிறது. அதே ஈரம், சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துருப்பிடிக்க வைத்திருக்கும். துருப்பிடித்த சுவரில் புது ரப்பரைப் போட்டால் அது சில வாரங்களில் கிழிந்து கசியும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நகம் சிக்குகிற பள்ளம் இருந்தால் ரப்பர் கிட் வேண்டாம், சிலிண்டரையே மாற்றுங்கள். கழற்றிய பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது இன்னொரு தவறு. அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும், பிறகு பிஸ்டன் திரும்பி வராது. புது பிரேக் ஆயிலிலேயே கழுவி, அதையே தடவி மாட்ட வேண்டும்.

ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். பெடலை மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும். சந்தேகப்படும் சக்கரத்தில், காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிளைத் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் டிரம்முக்குள் தேட வேண்டியதில்லை, பெரும்பாலும் ஹோஸ்தான் குற்றவாளி. மூன்று நான்கு ஹோஸையும் மொத்தமாக மாற்றிவிடுவதே சரி.

துருப்பிடித்த பைப்புக்குப் பதிலாக ஃபிரிட்ஜ் வேலைக்கான செம்புக் குழாயை வளைத்துப் போட்டுத் தருவார்கள். பளபளவென்று அழகாக இருக்கும். ஆனால் சுத்தச் செம்பு வண்டியின் அதிர்வில் இறுகி, விரித்து ஃபிளேர் செய்த கழுத்தில் விரிசல் விடும். பிரேக்குக்கென்று வரும் எஃகுக் குழாய்தான் அங்கே இருக்க வேண்டும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. நிப்பிள்கள் இறுகிக் கிடக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, ஆறுபக்க ரிங் ஸ்பானர் போட்டால் முறியாது. அம்பாசிடரின் முன் சக்கரத்தில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனி அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றை மட்டும் திருகிவிட்டு விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று: டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

டேங்கும் பெட்ரோலும்

பழைய பெட்ரோல் மேல் புது பெட்ரோலை ஊற்றுவது எல்லோரும் செய்வது. டேங்கின் அடியில் பிசின்போல் படிந்ததும் துருவும் கலந்து கார்புரேட்டருக்குள் போய்விடும். டேங்கை இறக்கி, காலி செய்து, உள்ளே ஒரு பிடி நட்டும் கொஞ்சம் சங்கிலியும் போட்டு உருட்டிக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்க வேண்டாம். காலி டேங்கில் தங்கிய ஆவிதான் வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே ஆபத்து. ரேடியேட்டர், டேங்க் வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துத் திரும்ப ஓடுகிறது என்றால் எல்லோரும் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். அதற்கு முன் டேங்கின் மூச்சுக் குழாயைப் பாருங்கள். குளவி அதற்குள் மண்கூடு கட்டியிருக்கும். காற்று உள்ளே போக வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டு பெட்ரோல் வருவது நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான். ஏர் கிளீனருக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் எலி கூடு வைத்திருக்கும், தேங்காய் மட்டை நாரோடு.

பங்க்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், 20 சதவீதம் வரைக்கும். பழைய ரப்பர் டியூப்பையும், ஏ.சி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் இளக்கிவிடும். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் மாற்றாமல் டேங்க் நிரப்பக் கூடாது. ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்க் நிறைய வைப்பது மட்டும் இனி போதாது; எத்தனால் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட் அடைத்தால் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மிருதுவானது, ஓட்டை பெரிதாகிவிடும், மைலேஜ் போய்விடும். காற்றால் ஊதுங்கள், போகாவிட்டால் தூண்டில் நரம்பை நுழையுங்கள்.

இன்ஜினை எழுப்புவது

நின்ற இன்ஜினில் ஸ்டார்ட்டரைத் தட்டுவதோ, டிராக்டரில் கட்டி கியரில் போட்டு இழுப்பதோ வேண்டாம். பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் முறியும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 முதல் 15 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஹேண்டிலால் கையால் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் எதிராக உதைத்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரலும் மணிக்கட்டும் உடையும். சுலபமாகச் சுற்றினால் ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து நொடி சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்.

டீசல் ஊற்றி ஃப்ளஷ் செய்வது ஊரெங்கும் உள்ள பழக்கம். இருபது வருடப் படிவு மொத்தமாகக் கழன்று ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், பேரிங் போகும். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி 300 கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப மாற்றினால் படிவு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அம்பாசிடருக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும்.

கம்ப்ரசன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம் பார்க்காமல் இன்ஜினைப் பிரிப்பது அவசரம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் ஒட்டியிருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் தானே விடுபடுவதும் உண்டு.

டேப்பட் சத்தம் பிடிக்காமல் வால்வின் இடைவெளியை இறுக்கிவிடுவார்கள். அமைதியாக ஓடும், வால்வு எரிந்து போகும். இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம்தான் வால்வு சீட்டைக் காத்தது. 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் அது நின்றது. சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறும், இடைவெளி தானே குறையும். அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜினுக்கு 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர். சரியாக வைக்க ஓர் எளிய கணக்கு உண்டு: ஹேண்டிலைச் சுற்றி முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் எட்டாவதைச் சரிசெய்யுங்கள், இரண்டாவது திறந்தால் ஏழாவது. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்தபடி வழுக்கி வர வேண்டும். இடைவெளி திரும்பத் திரும்பக் குறைந்தால் ஹெட்டைக் கழற்றி, கடின சீட் வளையம் அடிக்கக் கொடுங்கள். கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைகள் பக்கத்திலேயே இருப்பது கோவைக்காரர்களுக்கு வரம்.

தண்ணீர், வயர், ஹெரால்டின் ஒரு ரகசியம்

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் படிய வைக்கும் வெள்ளையை ரேடியேட்டர் குழாயிலும் படிய வைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் போதும். சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறு. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் ஆயில் கெட்டு, பெட்ரோல் வீணாகும். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர்தான்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்து மாட்டாமல் விட்டால், ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். கேபிள் சிவந்து புகைந்தால் காரணம் அதுவே.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: முன் சக்கரத்தின் கீழ்ப் பித்தளை முட்டான ட்ரன்னியனில் கிரீஸ் அடிக்காதீர்கள். அங்கே போக வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் ஏறாமல் காய்ந்து நிற்கும், உள்ளே துருப்பிடித்து ஓட்டத்திலேயே முறிந்து சக்கரம் மடங்கும்.

பெயிண்டும் பேப்பரும்

பெயிண்ட் கடைசி வேலை. டிங்கரிங் ஆளிடம் விடும் முன் இன்ஜின் எண், சேசிஸ் எண் பொறித்த இடங்களைப் படம் எடுத்து வையுங்கள். அங்கே கிரைண்டர் பட்டாலோ பட்டி மூடினாலோ ஆர்.டி.ஓ. ஆய்வில் வண்டி சிக்கிக்கொள்ளும். ஐம்பது வருடம் கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விதியின்படி வி.ஏ. வரிசை விண்டேஜ் பதிவு உண்டு, பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் போய்வரத்தான் கார் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பியுங்கள்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், பக்கச் சுவரில் பாருங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் தயாரித்த வருடம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர்.

முதல் ஓட்டத்துக்கே 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பத்துக்கோ, 40 வளைவுள்ள வால்பாறைக்கோ கிளம்பிவிடாதீர்கள். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, நான்கு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள். ஐம்பது கிலோமீட்டரில் வீல் நட்டை மறுபடி இறுக்கி, பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாமல், எந்தச் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறது என்று தேடுங்கள்.