துபாய்க்குப் புதுசா? வாட்ஸ்அப் குரூப்பில் சேரும் முன் இதைப் படியுங்கள்

விமானம் ஏறும் முன்பே வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அம்மாவின் போனில் போடிம் (BOTIM) என்ற கால் பேசும் ஆப்பை ஏற்றி, எப்படிக் கூப்பிடுவது, எப்படி எடுப்பது என்று ஒரு தடவை செய்து காட்டிவிட்டு வாருங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், வாய்ஸ் நோட் போடலாம். கால் மட்டும் போகாது, ஆடியோவும் சரி வீடியோவும் சரி. விபிஎன் (எந்த நாட்டிலிருந்து இணையத்துக்குப் போகிறோம் என்பதை மறைக்கும் ஆப்) போட்டுக்கோ தம்பி என்று ரூமில் யாராவது சொல்வார்கள். குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன் போட்டால் 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. தடை செய்த வாட்ஸ்அப் கால் பேசுவது அதில் அடங்குமா என்று உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். போடிம், ஜூம், கூகுள் மீட் எல்லாம் வேலை செய்கின்றன, அது போதும்.

அப்புறம் நம்பர். விசிட் விசாவில் வந்தால் கிடைப்பது தற்காலிக சிம்தான், அதில் வாட்ஸ்அப்பைப் பதிந்தால் சிம் போகும்போது கணக்கும் சிக்கலாகும். எமிரேட்ஸ் ஐடி (இங்கே வசிப்பவர்களுக்கான அடையாள அட்டை) கையில் வந்து நிரந்தர நம்பர் வாங்கும் வரை ஊர் நம்பரிலேயே இருங்கள், பிறகு செட்டிங்ஸில் நம்பரை மாற்றினால் குரூப்புகள் அப்படியே கூட வரும். ஊர் சிம்மை மூன்று மாதம் தொடாமல் விட்டால் அது வேறொருவர் கைக்குப் போகலாம், வங்கி ஓடிபியும் அதில்தானே வருகிறது, அதனால் ரீசார்ஜ் பண்ணச் சொல்லி வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இனி குரூப்புகள். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் மாதிரி ஊர்க்காரர்கள் தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஊர் குரூப் தேட வேண்டியதே இல்லை, வந்து இறங்கும் முன் யாராவது சேர்த்திருப்பார்கள். மற்றவர்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும்: கல்லூரி நண்பர்கள், துபாய் கராமா அல்லது ஷார்ஜா ரோலா பக்கத்துத் தமிழ்க் கடைகள், வேலை செய்யும் இடத்தில் யாராவது. பெட் ஸ்பேஸ் (பகிர்ந்து தங்கும் ரூமில் ஒரு கட்டில் இடம்), மெஸ் சாப்பாடு, பழைய கட்டில், பிள்ளைகளுக்குப் பள்ளி, எல்லாம் முதலில் குரூப்பில்தான் தெரியவரும். கார் லிஃப்ட் விளம்பரமும் வரும். காசு வாங்கி ஆள் ஏற்ற அந்த வண்டிக்கு அனுமதி இல்லையென்றால் அது சட்டவிரோதம், மலிவாக இருக்கிறதே என்று ஏறாதீர்கள். பெண்கள் முதல் நாளே தனியுரிமை செட்டிங்கில் 'யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம்' என்பதைத் 'என் தொடர்புகள்' என்று மாற்றிவிடுவது நல்லது. நூற்றுக்கணக்கான முகம் தெரியாதவர்கள் இருக்கும் குரூப்பில் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும்.

ஊரில் செய்கிற மாதிரி இங்கே செய்யக்கூடாதது வசூல். யாரோ ஒரு தமிழர் தொழிலாளர் கேம்பில் இறந்துவிட்டார், உடலை ஊருக்கு அனுப்பணும், ஆளுக்கு 20 திர்ஹாம் போடுங்கள் என்று செய்தி வரும். மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நிதி திரட்டுவது இங்கே குற்றம், கேட்பவர் நல்லவரா என்பதைச் சட்டம் பார்க்காது. தொழிலாளி இறந்தால் உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. முதலாளி கைவிட்டாலும் இந்தியத் தூதரகத்திடம் இதற்கென நல நிதி இருக்கிறது. தூதரகத்தின் இலவச உதவி எண் 80046342, இதை இப்போதே பதிந்து வையுங்கள். குரூப்பால் ஆகும் பெரிய உதவி வேறு: மருத்துவமனைச் சான்றிதழ், போலீஸ் கடிதம், தூதரகத் தடையின்மைச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) என்று வரிசை தெரிந்த ஒரு பெரியவர் எப்படியும் அதில் இருப்பார், அவரைப் பிடித்துக் குடும்பத்தோடு பேச வையுங்கள்.

2024 ஏப்ரல் 16 மழையில் குரூப்பின் இரண்டு முகமும் தெரிந்தது. 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை இல்லை. ஷார்ஜாவில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோச்சு, எந்த வீட்டில் குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை என்று லொகேஷனோடு வந்த செய்திகளைப் பார்த்துத்தான் ஆட்கள் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோனார்கள். அதே குரூப்புகளில்தான் மேக விதைப்பு (மழைக்காக மேகத்தில் உப்புத் தூவுவது) செய்து வானத்தைக் கிழித்துவிட்டார்கள் என்ற ஃபார்வர்டும் சுற்றியது, வானிலை மையம் அதை மறுத்தும் நிற்கவில்லை. வதந்தி பரப்பினால் குறைந்தது ஓராண்டு சிறையும் 1 லட்சம் திர்ஹாம் அபராதமும். பேரிடர் நேரமென்றால் இரண்டாண்டு, 2 லட்சம். ஃபார்வர்டு செய்தவரும் அதில் சேர்த்தி. கோபத்தில் திட்டி ஒரு வாய்ஸ் நோட் போட்டாலும் அதுவே சாட்சியாகிவிடும்.

வேலை குரூப்பில் ஒரே சோதனை: காசு கேட்டால் விட்டுவிடுங்கள். ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்க இந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை, ஆஃபர் லெட்டர் உண்மையா என்று மனிதவள அமைச்சகத்திலேயே சரிபார்க்கலாம். விசிட் விசாவில் 'சும்மா ஒரு மாசம் செய்ங்க' என்பதும் வேண்டாம்.

கடைசியாக, பார்சல். 'யாராவது சென்னையிலிருந்து வர்றீங்களா, சின்னப் பை ஒண்ணு' என்ற செய்தி தினமும் வரும், உதவுவதில் தப்பில்லை, ஆனால் பையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், வெட்கப்படவும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திரை இதெல்லாம் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. கசகசாவும் தடை. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.