பெம்ப்ரோக்‌ஷயர் கடற்கரைக்குக் காரின் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு போகிறீர்களா?

கேரவன்கள் தங்கும் சைட்டில், கடல் தெரிகிற பிட்ச் (நிறுத்துமிடம்) வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்று நினைவிருக்கட்டும்.

2007 கோடையில் நாங்கள் கேட்டு வாங்கினோம். வேல்ஸின் மேற்கு ஓரம், பாறை முகட்டுக்கு மேலே புல்வெளி, ஜன்னலைத் திறந்தால் நேரே கடல். இரண்டு நாள் ராஜா மாதிரி இருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, "என்னங்க, ஆனிங் பறக்குது!" என்று மனைவி உலுக்கினாள். ஆனிங் என்பது கேரவனின் பக்கவாட்டில் கட்டுகிற துணிப் பந்தல். தென்மேற்குக் காற்று அடியில் புகுந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டிருந்தது. நான் பைஜாமாவோடு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, அவள் டார்ச்சை வாயில் கவ்வியபடி முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உள்ளே மேல் படுக்கையிலிருந்து மகள், "அப்பா, வீடு ஆடுது!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. அந்த விடுமுறையில் அவளுக்கு ஞாபகம் இருப்பதே அந்த ராத்திரிதான்.

மறுநாள் சைட்காரர் எங்களை வேலிப் புதருக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே காற்றின் சத்தம்கூட இல்லை. கடலைப் பார்க்க மூன்று நிமிடம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு போன பன்னிரண்டு கோடையிலும் புதருக்குப் பின்னால்தான் நிறுத்தினோம். அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் கேரவனின் கதவும் ஆனிங்கும் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மாதிரி நிறுத்த முடியுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பலத்த காற்று வருகிறது என்று வானிலையில் சொன்னால், பொழுது சாய்வதற்குள் ஆனிங்கைக் கழற்றி மடித்து வையுங்கள். இருட்டில் கழற்றுவது எப்படி என்று மேலே பார்த்தீர்கள்.

எந்தப் பக்கம் போவது? சின்னப் பிள்ளைகள் இருந்தால் முதல் தடவை தெற்கு: டென்பி, சாண்டர்ஸ்ஃபுட், ஆம்ரத். மணல் அதிகம், சாலையும் சுலபம். செயின்ட் டேவிட்ஸ், சோல்வா, நியூகேல் எல்லாம் வடமேற்கில். என் மனசு அங்கேதான், ஆனால் நியூகேலுக்கு இறங்கி ஏறும் ஏ487 சாலை செங்குத்தானது. கேரவன் இழுத்துப் பழகிய பிறகு போங்கள். மாதத்தைக் கேட்டால் ஜூன் என்பேன். பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்காது, பொழுது சாய இரவு ஒன்பதரை ஆகும், ஸ்கோமர் தீவில் பஃபின் பறவைகளும் இருக்கும். ஜூலை முடிந்தால் அவை கடலுக்குப் போய்விடும். போனால் ஒரே இடத்தில் ஒரு வாரம் இருங்கள். தினம் ஒரு ஊர் என்று இழுத்துக்கொண்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடலைப் பார்த்ததைவிட நெடுஞ்சாலையைப் பார்த்ததுதான் அதிகம்.

இனி சாமான் ஏற்றுவது. இதில் அலட்சியம் கூடாது. கனமானதெல்லாம் தரையில், சக்கரத்துக்கு நேர் மேலே. இலேசானது மட்டும் மேல் அலமாரியில். வாலில் கனம் ஏற்றவே கூடாது. முதல் பயணத்தில் இரண்டு சைக்கிளைப் பின்னால் மாட்டி, தண்ணீர் கேன்களையும் பின்பக்க இருக்கைக்கு அடியில் அடுக்கினேன். எம்4 சாலையில் ஸ்விண்டன் தாண்டி ஒரு லாரி எங்களை முந்தியதுதான் தாமதம், கேரவன் இடமும் வலமுமாகப் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தத் தோன்றும். அழுத்தக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் வேகம் குறையக் குறைய நெளிவு நிற்கும். அடுத்து வந்த ஓய்விடத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினோம்.

காரையும் கேரவனையும் இணைக்கும் ஹிட்ச்சின் மேல் இறங்கும் எடையைத்தான் மூக்கு எடை என்கிறார்கள். சாமான் ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,200 கிலோ என்றால் 60 முதல் 84 கிலோ. கார்க் கம்பெனி கொடுத்திருக்கும் உச்சவரம்பை அது தாண்டக் கூடாது. புதிதாக இழுப்பவர்கள், ஏற்றிய கேரவனின் எடை வெறும் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. இது சட்டம் இல்லை, அனுபவசாலிகளின் கணக்கு. டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்ற இடத்திலேயே கிழடாகி வெடிக்கும். ஐந்து வயதானால் மாற்றிவிடுங்கள், ஏழு வயதைத் தாண்டவே விடாதீர்கள்.

சாலை விதிகளில் மறந்துபோவது மூன்று. கேரவன் இழுக்கும்போது மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் 50. மூன்று அல்லது அதற்கு மேல் தடம் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது. வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் பொதுவான வரம்பு 20 மைல். செவர்ன் ஆற்றைத் தாண்ட எம்4 பாலத்திலேயே போங்கள். பழைய எம்48 பாலத்தைக் காற்று பலமானால் மூடிவிடுவார்கள். 2018 டிசம்பரில் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வேல்ஸுக்குள் போகத்தான் காசு, வெளியே வர இலவசம். பிறகு எம்4 முடிந்து ஏ48, கார்மார்த்தன், ஏ40, செயின்ட் கிளியர்ஸ். தெற்கே போகிறவர்கள் அங்கே ஏ477-ல் திரும்ப வேண்டும். கடைசி சில மைல் சந்து மாதிரி இருக்கும்; இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. வழிகாட்டும் சாட்நாவ் கருவியை நம்பாமல் சைட்காரர் அனுப்பும் வழியையே பிடியுங்கள்.

எதிரே டிராக்டர் வந்தால் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சின்னத் தந்திரம்: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு காலையில் ஏதாவது காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் போதும்.

சைட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. தேநீர் அப்புறம். பக்கத்துப் பிட்ச்சில் இருந்த வயதான வேல்ஸ்காரர் ஒருவர்தான் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் குமிழ் மட்டக் கருவியைத் தேடிப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து வந்து கேரவன் தரையில் வைத்துவிட்டு, முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். தண்ணீர் விளிம்பு இடது பக்கம் அரை விரல் உயரமாக இருந்தது. இடது சக்கரத்துக்கு அடியில் சாய்வுப் பலகையை வைத்து, என்னைக் காரில் உட்காரச் சொல்லி ஓர் அடி முன்னால் ஏற்றச் சொன்னார். தண்ணீர் நேரானது. முதலில் இடம் வலம், அதுவும் கார் மாட்டியிருக்கும்போதே. பிறகு கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரைக் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றி முன் பின் மட்டம். கடைசியில்தான் நாலு மூலைக் கால்களையும் இறக்க வேண்டும். அவை வண்டி ஆடாமல் இருக்க மட்டுமே; அவற்றைச் சுற்றிக் கேரவனைத் தூக்கப் பார்த்தால் அடிச்சட்டம் வளைந்துவிடும். மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பல கேரவன்களில் இருக்கும் ஃப்ரிட்ஜில் மோட்டார் கிடையாது. சூடுபட்ட அம்மோனியா தானாக மேலே போய்த் திரவமாகிக் கீழே வழிந்துதான் குளிர்விக்கிறது. சாய்ந்து நின்றால் வழியாது, பாலும் கெட்டுவிடும்.

மின்சாரம்: சில சைட்களில் 10 ஆம்பியர்தான் தருவார்கள். 230 வோல்ட்டில் அது 2,300 வாட். வீட்டில் இருக்கும் 3,000 வாட் கெட்டிலைக் கொண்டுபோய்ச் செருகினால், அதோடு முடிந்தது. நான் செருகினேன், கம்பத்தில் ட்ரிப் ஆனதில் எங்களோடு இன்னொரு குடும்பமும் இருட்டில் உட்கார்ந்தது. ஆயிரம் வாட்டுக்குக் கீழான சின்னக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுத் துவாரங்களைக் குளிருக்கு அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும். எவ்வளவு மழை பெய்தாலும் பார்பிக்யூ அடுப்பை ஆனிங்குக்குள் கொண்டுவராதீர்கள், அணைந்துபோனதையும்கூட.

கடலுக்கு வருவோம். இந்தக் கரையில் கடிகாரத்தைவிட அலை அட்டவணைதான் பெரிது. பௌர்ணமி, அமாவாசை முடிந்து ஓரிரு நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆறு மணி நேரத்தில் அது ஒரே சீராக ஏறாது. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் பாதி ஏறிவிடும். நியூகேலின் ஓர் ஓரத்தில், பாறை வளைவுக்கு அப்பால் நண்டு பிடித்துக்கொண்டிருந்தோம். மகன் தன் வாளியை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் குனிந்தான். நிமிர்ந்தபோது கல்லைச் சுற்றித் தண்ணீர். வந்த வழியில் முழங்கால் அளவு வரை நனைந்து திரும்பினோம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இடுப்பளவு வந்திருக்கும். அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: வளைவைத் தாண்டுவதாக இருந்தால் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது மட்டுமே தாண்டுவோம், முழுதாக வற்றிய நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். குளிப்பது என்றால் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். பெரிய வற்றம் இங்கே மதிய வாக்கில் வரும். ஆகவே அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய வாரத்தைப் பதிவு செய்தால், நடுப்பகலில் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். பாராஃபண்டில் என்கிற கடற்கரைக்குப் போவதற்கு அப்படி ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்போல் கீ கார் நிறுத்தத்திலிருந்து அரை மைல் நடை, பிறகு படிகள். கடை கிடையாது, கழிப்பறை கிடையாது; எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். சுமந்துகொண்டு நடக்கச் சோம்பல்படாதவர்களுக்கு மட்டுமே அந்தக் கடற்கரை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

மழை நாளுக்குத் தனி யோசனை ஏதும் என்னிடம் இல்லை. சீட்டுக்கட்டு வையுங்கள், கூரையில் மழை விழுகிற சத்தம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

கிளம்பும் நாளில் ஞாபகத்தை நம்பாமல் ஒரு பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, மகள் ஏழு வயதில் எழுதியது. கேஸ் மூடியாச்சா. கூரை ஜன்னல் மூடியாச்சா (ஒன்றை ஏ40-ல் பறக்கவிட்டிருக்கிறோம்). கால்கள் தூக்கியாச்சா. மின்கம்பி கழற்றியாச்சா. பிரேக் கம்பி மாட்டியாச்சா. ஹிட்ச் அறுந்தால் கேரவனைத் தானாக நிறுத்துவது அந்த மெல்லிய கம்பிதான். விளக்கு எரியுதா.

கடைசி வரி அவள் மறு வருஷம் பென்சிலில் சேர்த்தது. அன்று காரை எடுத்து வாசல் வரை போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால், பாத்திரம் கழுவும் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புல்வெளியில் ஒருத்தி கையாட்டியபடி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா ஏறியாச்சா?"