ஸ்டியரிங் வீல் கெயினை 100-இல் வைக்காதீர்கள்

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய கேமில், மோட்டாரால் கைக்கு எதிர்விசை தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் மாட்டியதும் கெயினை, அதாவது அந்த விசையின் அளவை, கொஞ்சம் இறக்குங்கள். கேமுக்குள் இருக்கும் பெடல் ஆப்பைத் திறந்துகொண்டு வேகமான வளைவு ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். ஃபோர்ஸ் பட்டை சிவப்பாகவே நின்றால் ஐந்தைந்தாகக் குறையுங்கள்; எப்போதாவது சிவந்து மறைந்தால் சரி.

கேம் கேட்கும் விசை உச்சத்தைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எல்லாமே ஒரே கனமாகத்தான் கைக்குத் தெரியும். டயர் வழுக்கத் தொடங்குவதும் கெர்பில் (பாதையோர மேட்டில்) ஏறுவதும் அதில் அமுங்கிப்போகும். அப்புறம், கெயின் குறைந்தால் மோட்டார் சூடும் குறையும். மதுரைச் சித்திரை வெயிலில், ஏசி இல்லாத மொட்டைமாடி அறையில் அது சின்ன விஷயமில்லை!

ஐரேசிங் என்ற இன்னொரு பந்தய கேமில் இந்தப் பாடு வேண்டாம்; சிறிது ஓட்டியதும் 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால் போதும். அதிர்வு மட்டும் தரும் மலிவு வீலுக்கும் இது பொருந்தாது.