பல்கலைக்கழக ஆவணக் காப்பகம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலக அறிவியல் படித்துவிட்டு, நூலகத்தோடு ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துக் கவனிக்க வரும் இளையவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. நாங்கள் வந்த புதிதில் செய்தவைதான் அப்படியே நடக்கின்றன. ஈரக் கையோடு தாளைத் தொடாதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வந்த கட்டைப் பிரித்து அடுக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் தாள்கள் பெட்டி பெட்டியாக வருகின்றன. புதியவர் உட்கார்ந்து கடிதங்கள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம், வரைவுகள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்.

அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு தொகுப்பில் குழுப் படம் ஒன்று இருந்தது. படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். பின்பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. மேல் மூலையில் துருக்கறையோடு இரண்டு துளைகள். ஏதோ ஒரு கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்திருக்கிறார்கள். அதே துளைகளைத் தேடிக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம், கிடைக்கவில்லை. படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஆண்டு என்று ஆய்வாளர் ஒருவர் வந்து கேட்டபோது சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

புத்தகத்தை எந்த அலமாரியில் வைத்தாலும் அது தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும். ஆவணத்துக்குப் பக்கத்துத் தாள்தான் விளக்கம். ஒருவரின் தொகுப்பை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது என்ற விதிக்குப் பிரான்சில் 1841-இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. உருவாக்கியவர் வைத்திருந்த அமைப்பையே பின்பற்ற வேண்டும் என்று நெதர்லாந்தின் ஆவணக் காப்பாளர்கள் 1898-இல் கையேடே எழுதினார்கள்.

சரி, என்ன செய்யலாம்? பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் இருந்தபடியே படம் எடுங்கள். கட்டுக்குக் கட்டு மென்மையான பென்சிலால் எண் போடுங்கள். துருப்பிடித்த ஊசியை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது பிடித்திருந்த தாள்கள் எல்லாம் ஒரே அமிலமற்ற உறைக்குள் போக வேண்டும். பொருள்வாரியாகத் தேட வசதி வேண்டுமென்றால் அதைப் பட்டியலில் செய்யுங்கள், தாள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வீடு மாற்றும்போது அள்ளிப் போட்டு வரிசையே குலைந்து வந்த பெட்டிக்கு மட்டும் புது வரிசை கொடுக்கலாம். அது நீங்கள் கொடுத்த வரிசை என்று விவரக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

லேமினேஷன்

வேண்டவே வேண்டாம். செல்லோ டேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் பருத்திக் கையுறை

கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் கையுறை தேவை, அதுவும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை.

ஸ்கேன் முடிந்ததும் மூலத்தைக் கழிப்பது

கூடாது.

வாய்ப்பேச்சில் நன்கொடை வாங்குவது

கொடுப்பவர் முகம் சுளிப்பாரோ என்று கூச்சப்பட்டுக் கையெழுத்து வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு வாரிசுகள் வந்து திருப்பிக் கேட்பார்கள். தாள் கைமாறினால் பதிப்புரிமையும் கைமாறியதாக ஆகாது. பேராசிரியருக்கு வந்த கடிதத்தின் உரிமை பொதுவாக அதை எழுதியவருடையது. யார் எதைப் பார்க்கலாம், எது எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும், தேவையில்லாததை யாரிடம் திருப்பித் தருவது, இவ்வளவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெட்டி உள்ளே வரும் அன்றே, வந்தவற்றைக் குறித்து வைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.