மவுஸ் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

பொது இணைய மையத்துக்கு "கம்ப்யூட்டர் கத்துக்கணும்" என்று யாரும் வருவதில்லை. ஏதோ ஒரு விண்ணப்பம் போட வேண்டும், நாளைக்குக் கடைசி நாள், அதற்குத்தான் வருகிறார்கள். அந்த அவசரத்துக்கு நடுவில்தான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் மையத்தில் புதிதாக உதவிக்குச் சேருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மவுஸை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்களே செய்தால் சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் அடுத்த முறையும் அதே ஆள் அதே வேலைக்கு உங்கள் முன்னால் வந்து நிற்பார். எங்கே அழுத்துவது என்று திரையில் விரலை வைத்துக் காட்டுங்கள், போதும்.

உட்கார வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஓடிபி வர்ற போன் யார்கிட்ட இருக்கு?" வீட்டுக்கே ஒரு போன்தான் இருக்கும், அதை மகன் வேலைக்கு எடுத்துப் போயிருப்பான். படிவம் முழுக்க நிரப்பிவிட்டுக் கடைசியில் ஓடிபி இல்லாமல் விழிப்பதைவிட, போன் கையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்வது மேல்.

அப்புறம் டபுள் கிளிக். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஆனால் கை நடுங்கும் பெரியவர்கள் முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் மவுஸை லேசாக நகர்த்திவிடுவார்கள். ஃபைல் திறக்காது, வேறு எங்கோ இழுபட்டுப் போகும். உடனே "நான் எதையோ கெடுத்துட்டேன்" என்று கையை எடுத்துவிடுவார்கள். விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குள் டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது, குறைத்து வையுங்கள். அப்படியும் வரவில்லையா? ஒரு தடவை கிளிக் செய்து என்டர் தட்டச் சொல்லுங்கள்.

கை பழக சாலிட்டேர் போட்டுக் கொடுங்கள். இங்கே என்ன விளையாட்டு என்று யாராவது முறைத்தால், 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த அந்தச் சீட்டாட்டம்தான் அந்தக் காலத்தில் பலரையும் மவுஸால் இழுத்துப்போடப் பழக்கியது என்று சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளி புள்ளியாக வருவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அழுத்தி, அடித்ததைக் காட்டுங்கள், பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு. அதை உங்கள் நோட்டில் குறித்து வைக்காதீர்கள். அவர்களே எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். எழுதவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் 123456 என்று வைத்துக் கொடுப்பதற்கு வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டு எவ்வளவோ தேவலை.

"கண்ணாடியை மறந்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் படித்துக் காட்டுங்கள். அவருடைய வருமானமும் நோயும் அறை முழுக்கக் கேட்க வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், N என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் தனி ஜன்னல் திறக்கும். எல்லாவற்றையும் மூடியதும் உள்நுழைந்த தடம் அந்தக் கணினியில் தங்காது. ஆனால் டவுன்லோட் செய்தவை அப்படியே இருக்கும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கொடுத்ததும், ஸ்கேன் செய்த அடையாள அட்டையையும் டவுன்லோட் ஃபோல்டரில் கிடப்பதையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு டெலீட் அழுத்தச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழிந்துவிடும்.