ரொட் பெயாரிங் தட்டினால்: சத்தம் பிடிப்பது, கழற்றுவது, அளப்பது, பூட்டுவது

எஞ்சின் சூடேறிய பிறகு அடியிலிருந்து கனமான ‘டொக் டொக்’ சத்தம் வந்தால், கராஜ் வரைக்குமாவது ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நிறுத்தி, கெரியர் பிடித்து ஏற்றுங்கள். கெரியர் கூலி, கிராங் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒன்றின் விலைக்குக் கிட்டவும் வராது. இன்று கிரைண்ட் பண்ணிச் சரிக்கட்டக்கூடிய கிராங், கொழும்பின் காலி வீதி நெரிசலில் இன்னும் அரைமணி நேரம் ஓடினால் பழைய இரும்புக்குத்தான் போகும்.

முதலில் சத்தம் ரொட் பெயாரிங்குடையதுதானா, அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டின் அடி முனையிலுள்ள பெயாரிங்குடையதுதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். சூட்டில் ஒயில் மெலிவதால் இந்தச் சத்தம் கூடும். ஆக்ஸிலேட்டரைத் தட்டிவிட்டு 2000–2500 ஆர்.பி.எம். வரை ஏறி இறங்கும் நேரத்தில் தெளிவாகக் கேட்கும். குளிரில் தட்டிச் சூட்டில் அடங்கினால் அது பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பது. மேலே, கிராங்கின் பாதி வேகத்தில் வரும் மெல்லிய ‘டிக் டிக்’ வால்வைத் தள்ளும் டெப்பட்டுடையது. ஒட்டோ கியர் வண்டியில் கிராங்கைக் கியர்பொக்ஸ் பக்கத்தோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட் தளர்ந்தாலும் அச்சொட்டாக ரொட் பெயாரிங் போலவே தட்டும். எஞ்சினை இறக்கிய பிறகு அதைக் கண்டுபிடித்து என்ன பயன்? அந்த போல்ட்டுகளை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எந்த சிலிண்டர் என்று அறிய, ஐட்லிங்கில் சில விநாடிகள் மட்டும் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் இக்னிஷன் கோயிலை (coil) கழற்றினால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போகும். இன்ஜெக்டரில் அந்தப் பயமில்லை. எரிதலின் அடி இல்லாமல் போனதும் எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ, சந்தேகம் அங்கேதான். அக்வா, ப்ரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் எஞ்சின் தன் பாட்டில் நின்று நின்று ஓடும் என்பதால், முதலில் மெயின்டனன்ஸ் மோடுக்கு மாற்ற வேண்டும்.

ஒயில் லைற்றை நம்பி இருக்க வேண்டாம். அது பெரும்பாலும் பிரஷர் 5 பி.எஸ்.ஐ. அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். ஒயில் சுவிட்சைக் கழற்றி மெக்கானிக்கல் கேஜ் போட்டு, எஞ்சின் சூடான பின் அளவெடுங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது கராஜ் கணக்கு. சரியான எண் அந்தந்த எஞ்சினின் மெனுவலில் இருக்கும். ஜப்பான் எஞ்சின்களில் அந்தத் துவாரம் பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் கூம்புக் குழாய்ப்) புரி. 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்ப் புரி) அடாப்டரும் இரண்டு சுற்று ஏறும். அதன் பிறகு இறுக்கினால் அலுமினியப் புரி போய்விடும்.

ஒயிலை வடித்து, ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். ஹெக்சோ வாள் வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரால் வெட்டி, மடிப்புத் தாளை வைஸில் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி அல்லது செம்பு நிறச் செதில் பெயாரிங் உலோகம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு உறுப்பு ஏதோ தேய்கிறது. ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ள நீருக்குள் ஓடிய வண்டியென்றால் ரொட் வளைந்திருக்கவும் இடமுண்டு.

இனி சம்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) கழற்றலாம். சம்பின் அடியையும் ஒயில் பம்ப் உறிஞ்சும் பிக்கப் வலையையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். அடைத்த வலைதான் பல எஞ்சின்களில் குற்றவாளி. ரொட்டின் அடிப்பாதியான கேப்பைக் கழற்றுமுன் ரொட்டிலும் கேப்பிலும் சிலிண்டர் இலக்கத்தைப் பெயின்டால் குறியுங்கள். கேப்பை மாற்றியோ திருப்பியோ பூட்டக்கூடாது. ரொட்டில் ஸ்டட் இருந்தால் அதன் மேல் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் பிஸ்டனை மேலே தள்ளும்போது ஜேர்னலை (கிராங்கில் ரொட் பூட்டப்படும் வழுவழுப்பான பகுதி) கீறிவிடும்.

கழற்றிய ஷெல்லை, அதாவது இரண்டு பாதியாக வரும் பெயாரிங் தகட்டை, உடனே எறிந்துவிட வேண்டாம், காரணம் அதில்தான் எழுதியிருக்கும். உலோகம் உருகி இழுபட்டிருந்தால் ஒயில் கிடைக்கவில்லை. நீளக் கீறலும் பதிந்த துணிக்கையும் இருந்தால் அழுக்கு. ரொட் பக்கத்து மேல் ஷெல் செதில் செதிலாகக் கழன்றிருந்தால் மிதமிஞ்சிய லோட், அல்லது டெட்டனேஷன் (எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிப்பது). இரண்டு ஷெல்லிலும் எதிரெதிர் ஓரம் தேய்ந்திருந்தால் ரொட் வளைவு. கறுத்துக் குழி விழுந்திருந்தால் மாற்றாமல் கிடந்த ஒயிலின் அமிலம், அல்லது கூலண்ட். ஷெல் தன் இடத்தை விட்டுச் சுழன்று, ரொட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த ரொட்டை மாற்றியே ஆகவேண்டும்.

ஜேர்னலை மைக்ரோமீட்டரால் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு ஓரத்திலும் அளக்கவும். வட்டம் கெட்டதோ கூம்பு விழுந்ததோ 0.02 மி.மீ.ஐத் தாண்டினால் பல ஜப்பான் எஞ்சின்களில் கிரைண்டிங்தான். நகத்தில் தட்டும் கீறல் எமரி தாளுக்குப் போகாது. கீறல் விழுந்த கிராங்கில் புது ஷெல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் காசு ஒயிலோடு போய்விடும். ஷெல்லுக்குப் பின்னால் தாளோ தகடோ வைப்பதும், கேப்பை அரத்தால் தேய்ப்பதும் அதே வகை வேலை.

கிரைண்ட் செய்தால் 0.25, பிறகு 0.50 மி.மீ. அண்டர்சைஸ், அதாவது ஜேர்னல் அவ்வளவு மெலியும். வேலைக்குக் கொடுக்குமுன் அந்த சைஸில் ஷெல் செட் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறதா என்று பார்த்து, கையில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் கிராங்கில் ஜேர்னல் ஓரத்து வளைவைக் கவனியுங்கள். கூர் மூலையாக வெட்டியிருந்தால் கிராங் அங்கேதான் வெடிக்கும். ஒயில் துவார விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். துவாரங்களைப் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்துச் சுத்தப்படுத்துங்கள். ஒயில் கூலர் இருந்தால் மாற்றுவது நல்லது, உள்ளே தங்கிய செதில் முழுதாகக் கழுவுப்படாது. எஞ்சின் வால்வுகளின் நேரத்தை மாற்றும் வி.வி.டி. வால்வின் சின்ன வலையையும் மறக்க வேண்டாம்.

ஷெல்லுக்கும் ஜேர்னலுக்கும் உள்ள இடைவெளி பார்க்கப் பச்சை பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும், அது 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும். ஒயில் துடைத்த ஜேர்னலில் ஒரு துண்டு வைத்து, கேப்பை மெனுவலில் உள்ள டோர்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். 40 மி.மீ. ஜேர்னலுக்குச் சுமார் 0.04 மி.மீ. என்பது பொதுக் கணக்கு. இங்கும் மெனுவல் சொல்வதே முடிவு.

பூட்டும்போது ஷெல்லின் பின்புறமும் அது உட்காரும் இடமும் ஒயில் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். உள்முகத்தில் அசெம்பிளி லூப் (பூட்டும்போது பூசும் மசகு) பூசுங்கள். ஷெல்லின் நாக்கு தன் பள்ளத்தில் உட்காரட்டும். கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. ஒவ்வொரு கேப்பையும் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் அந்தக் கேப்போடு நின்று காரணம் தேடுங்கள்.

ஒயில் பம்புக்குள் ஒயில் நிரப்பி, இன்ஜெக்டர் கனெக்டர்கள் கழன்றிருக்க, கேஜில் பிரஷர் ஏறும்வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடியுங்கள். அதற்குப் பிறகே எஞ்சினை ஓட விடலாம். முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்; அதுவரை டொப் கியரில் எஞ்சினைத் திணறடித்து ஏற்றம் ஏற வேண்டாம்.

ரொட் உடைந்து புளொக்கைத் துளைத்திருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம், ரீகண்டிஷன் எஞ்சின்தான் வழி. வாங்குமிடத்திலேயே சம்பைக் கழற்றி, ஒரு ரொட் கேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டிவரும். ஆகவே பழைய, புதிய இலக்கங்களைப் போட்டோ எடுத்து, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.