தலையாரி, தாசில்தார், பீலர்: பழைய தாள்களில் கிராமக் கலகத்தைப் படிக்கும் முறை

வேலூர், குடியாத்தம், ஆரணி, போளூர் பக்கம் சொந்த ஊரின் 1800–1860 காலத்து வரலாற்றை எழுத உட்காருகிறவர் கையில் முதலில் சிக்குவது கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கடிதங்கள்தான். 'கொள்ளைக் கூட்டம்', 'கலகம்', 'அடங்காத ஜனம்' என்று அவற்றில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதினால், ஊரே திருட்டு ஊர் என்று பெயராகிவிடும். ஊர்க்காரர்களின் பாட்டன் முப்பாட்டனுக்குச் செய்கிற அநியாயம் அது. அந்தத் தவறு நேராமல் படிக்கப் பழக நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது: அதே ஆண்டுகளின் அயர்லாந்து. அங்கும் ஆங்கிலேயர் ஆட்சிதான், இதே மாதிரியான சொற்கள்தான். ஆனால் தாள்கள் அதிகம், வகைப்படுத்தியும் இருக்கின்றன, பெரும் பகுதியை வேலூரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இரண்டு இடத்துக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1859-இன் 24-ஆம் சட்டப்படி சென்னை மாகாணத்தில் உருவான போலீசுக்கு முன்மாதிரிகளில் முக்கியமானது ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்ற அயர்லாந்துப் போலீஸ் படை. நம் ஊர் ஸ்டேஷனின் அமைப்பைத் தேடிப் போனால் டப்ளின் வரை போக வேண்டியிருக்கும்.

முதலில் அயர்லாந்து. ஒரு வாரம் ஒதுக்கி, மன்ஸ்டர் என்ற தென்மாகாணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1815-இல் நெப்போலியன் போர் முடிந்ததும் தானிய விலை விழுந்தது, குத்தகை மட்டும் இறங்கவில்லை. 1821-இல் உருளைக்கிழங்கு பொய்த்தது, 1822-இல் பஞ்சம். 1821 முதல் 1824 வரை லிமரிக், கார்க், கெர்ரி பகுதிகளில் 'கேப்டன் ராக்' என்ற புனைபெயரில் மிரட்டல் ஓலைகள் கதவுகளில் ஒட்டப்பட்டன. குத்தகையைக் குறை, ஒருவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் எடுக்காதே, கிழங்குக் கொல்லையின் வாடகையை இறக்கு என்பவைதான் கோரிக்கைகள். ஆட்சியின் தலைமையிடமான டப்ளின் கோட்டைக்குப் போன அறிக்கைகளில் இதெல்லாம் 'அட்டூழியம்' என்ற ஒரே தலைப்பில் விழுந்தது. அப்படி ஒரு தாளைப் பார்த்தால் தலைப்பை விட்டுவிட்டு, அந்த ஓலை யாரிடம் எதைக் கேட்டது என்பதை மட்டும் தனியே எழுதுங்கள். ஐம்பது தாளுக்கு இப்படிச் செய்தாலே கலகத்தின் காரணம் தானாகத் தெரியவரும்.

தசமபாகத்தை இதில் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குப் போனது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் இதற்கு உட்படவில்லை, மன்ஸ்டரிலோ கிழங்குக்குக் கூட வாங்கினார்கள். நூறு மாடு வைத்திருந்தவர் தப்பித்தார், கால் ஏக்கர் கிழங்கு போட்ட கூலிக்காரர் கொடுத்தார். 1823-இல் வந்த சட்டம் தசமபாகத்தைப் பணமாக்கி மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்தது. அதன் பிறகுதான் பெரிய விவசாயிகளும் எதிர்ப்பில் இறங்கினார்கள். 1831-இல் 'தசமபாகப் போர்' தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கலகக்காரர்கள் எல்லோரும் ஏழைகள் என்றோ, எல்லோரும் ஒரே வகையினர் என்றோ நினைத்துப் படித்தால் இந்தத் திருப்பம் கண்ணில் படாது.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் கிட்டப்போய்ப் பாருங்கள். 1831 டிசம்பர் 14, கில்கென்னி மாவட்டம், காரிக்‌ஷாக். தசமபாக பாக்கிக்கு நோட்டீஸ் கொடுக்கிற ஆளுக்குக் காவலாகப் போலீஸ் படை ஒன்று நடந்துவருகிறது. இருபுறமும் கல் சுவர், நடுவே ஒடுக்கமான சந்து. கூட்டம் கேட்டது நோட்டீஸ்காரரை மட்டும்தான். போலீஸ் விடவில்லை. கல் பறந்தது, துப்பாக்கி வெடித்தது. மொத்தம் 17 பேர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள். பின்னால் நடந்த வழக்குகளில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இதை 'போலீஸ் மீது தாக்குதல்' என்று பதிவதா, 'வரி வசூல் தகராறு' என்று பதிவதா? இரண்டு தலைப்பிலும் பதியுங்கள். போலீஸ் அந்தச் சந்துக்குள் எந்த வேலையாகப் போனது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்து, காவலுக்குக் காசு கொடுத்தது யார்? 1814-இல் ராபர்ட் பீல் கொண்டுவந்த படைக்குத்தான் 'பீலர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அமைதி கெட்டதாக அறிவிக்கப்பட்ட வட்டாரத்துக்கு அது அனுப்பப்படும், செலவு அந்த வட்டாரத்தின் தலையிலேயே விழும். 1822-இல் மாவட்டந்தோறும் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். 1836-இல் எல்லாம் ஒரே இன்ஸ்பெக்டர் ஜெனரலின் கீழ், துப்பாக்கி ஏந்திய, பாரக்கில் குடியிருக்கிற ஒரே படையாயிற்று. சொந்த மாவட்டத்தில் ஒருவரையும் பணியமர்த்துவதில்லை. ஊருக்கு உறவில்லாத ஆளே காவலுக்கு வேண்டும் என்ற அந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வாருங்கள்.

நம் பக்கத்தில் காவல் என்பது உறவும் மானியமும் சேர்ந்த ஏற்பாடாக இருந்தது. தலையாரிக்குக் களத்தில் நெல், சில ஊரில் காவல் மானிய நிலம். களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு செய்ய வேண்டும் என்பது காவல்காரர் மேல் இருந்த பொறுப்பு. பெரிய வட்டாரத்துக்குப் பாளையக்காரர் தேசகாவல் என்ற காவல் கட்டணம் வாங்கினார். 1801-இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடக ராஜ்யம் கும்பினி கைக்கு வந்தது. 1802-இன் ஒழுங்குமுறைகள் தரோகா என்ற சம்பளப் போலீஸ் அதிகாரிகளை வைத்தன, காவல் வருமானம் பலரிடமிருந்து போயிற்று. 1804–05-இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் எழுந்தார்கள். கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி 1816-இன் 11-ஆம் ஒழுங்குமுறை தரோகா ஏற்பாட்டை எடுத்துவிட்டு, போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டர், தாசில்தார், கிராமத் தலைவர், தலையாரி என்ற வரிசையில் வைத்தது.

படிக்கிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 1816-க்குப் பிறகு கிஸ்து (நிலவரித் தவணை) வசூலிக்கிறவரும் போலீஸ் அதிகாரியும் ஒரே ஆள், தாசில்தார். சேவகர் ஒருவரை வெயிலில் நிறுத்தினார் என்றால் அது வசூலா, விசாரணையா? சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855 அறிக்கையைத் திறந்து பாருங்கள். விரலை நெருக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் இரண்டும் வரி வசூலிலும் வருகின்றன, திருட்டு விசாரணையிலும் வருகின்றன. ஆகவே வருவாய் வாரியத் தொகுதிகளைப் பார்க்காமல் நீதித்துறைத் தொகுதிகளை மட்டும் பார்த்தால் பாதிக் கதை கிடைக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டுக்கும் ஆண்டுவாரியான அட்டவணைத் தொகுதிகளை முதலில் கேளுங்கள். ஊர் பெயரில் மட்டும் தேடாமல் தாலுகா பெயர், 'தலையாரி', 'காவல்', 'மனு' ஆகியவற்றிலும் தேடுங்கள்.

ஊர் பெயரில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று எழுத்து: வந்தவாசி 'வாண்டிவாஷ்' என்றும், திருவண்ணாமலை 'ட்ரினோமலி' என்றும், ஆரணி 'ஆர்னி' என்றும் இருக்கும். இன்னொன்று எல்லை. 1911 வரை வட ஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். கடிதத்தின் தலையில் சித்தூர் என்று இருப்பதால் சம்பவம் சித்தூரில் நடந்ததாக ஆகாது. திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கம் அப்போது சேலம் மாவட்டம், திருவண்ணாமலை தென்னாற்காடு. உங்கள் ஊர் அங்கே இருந்தால் வட ஆற்காட்டுத் தொகுதிகளை எத்தனை நாள் புரட்டினாலும் ஒன்றும் கிடைக்காது.

தேதியும் அளவும் சரியாக மாற்றப்பட வேண்டும். பசலி என்ற வருவாய் ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1226 என்றால் 1816 ஜூலையில் தொடங்கி 1817-இல் முடிவது. தை, மாசியில் நடந்ததற்கு 591 கூட்ட வேண்டும். இங்கேதான் பலர் ஒரு வருஷம் தவறவிடுகிறார்கள். 1855-க்கு முன் பசலி ஜூலை நடுவில் பிறந்தது, பிறகு ஜூலை 1. பணத்தில், கும்பினிக் கணக்குப்படி ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு. ரூபாய்க்கு மாற்ற ஒரு வராகனுக்கு மூன்றரை. நிலத்தில் ஒரு காணி 1.32 ஏக்கர். அயர்லாந்துத் தாளில் 'ஏக்கர்' என்று இருந்தால் அது ஐரிஷ் ஏக்கரா என்று பாருங்கள், அது 1.62 சாதாரண ஏக்கர். 1826-க்கு முன் ஐரிஷ் பணமும் வேறு, 13 ஐரிஷ் பென்ஸ் 12 ஆங்கிலப் பென்சுக்குச் சமம். ஊர்க் கணக்கில் காணி என்பது நிலத்துக்கு மட்டுமல்ல, எண்பதில் ஒரு பங்கு என்ற பின்னமும் அதுதான். மா இருபதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. தலையாரிக்கு விளைச்சலில் ஒரு காணி பங்கு என்று இருந்தால் அதை நிலமாக எண்ணிவிட வேண்டாம்.

பதிவு நோட்டில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, தமிழ் மாதம், ஊர், எழுதியவர், யாருக்கு எழுதினார், எதைக் கேட்டு அல்லது எதை எதிர்த்து, என்ன நடவடிக்கை, தொகுதி, பக்கம். 'எழுதியவர்' பத்தியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். உதாரணத்துக்கு ஒரு தாளில், மாசி மாதம் முப்பது பேர் களத்துக்குள் புகுந்து நெல்லை அள்ளிப்போனார்கள், தலையாரி கூட்டுச் சேர்ந்திருந்தான் என்று தாசில்தார் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாசி சம்பா அறுவடை முடிந்து கிஸ்து நெருக்கும் மாதம். அள்ளப்பட்ட நெல் யாருடைய பங்கு? தலையாரியின் நெல் அந்த வருஷம் கொடுக்கப்பட்டதா, நிறுத்தப்பட்டதா? அதே பசலியின் வருவாய்த் தொகுதியில் அந்த ஊரிலிருந்து மனு வந்திருக்கிறதா? இவற்றுக்கு விடை தேடிய பிறகுதான் 'கொள்ளை' என்ற சொல்லை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். சில சமயம் அது கொள்ளையாகவே இருக்கும். அப்போது அப்படியே எழுத வேண்டும், எல்லாத் திருட்டையும் எழுச்சி ஆக்குவதும் பொய்தான்.

எண்ணிக்கையில் எச்சரிக்கை தேவை. அயர்லாந்தில் 1822-இல் மீண்டும் வந்த கலகத் தடைச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதியில் சூரியன் மறைந்த பின் வெளியே இருந்தாலே குற்றம், ஜூரி இல்லாமலே ஏழு ஆண்டு நாடுகடத்தலாம். அந்த ஆண்டுகளில் வழக்கு கூடியதை மட்டும் பார்த்து, ஜனங்கள் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல முடியாது. நம் பக்கமும் 1859-க்குப் பிறகு ஸ்டேஷன் பதிவேடு வந்ததால் குற்றம் கூடியதுபோலத் தெரியும். முன்பு மணியக்காரர் திண்ணையில் முடிந்தது, பிறகு தாளில் ஏறியது. 1859-க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

இன்னொரு கலப்படம்: ஐரிஷ் சந்தைகளில் தடியோடு மோதிக்கொண்ட கோஷ்டிச் சண்டைகளில் பெரும்பாலானவை நிலத் தகராறு அல்ல. நம் தாள்களில் வலங்கை–இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளின் ஊர்வலச் சண்டையும் 'கலகம்' என்றே வரும். இதற்குத் தனிப் பக்கக் கட்டு வையுங்கள். ஆனால் தூக்கி எறியாதீர்கள், ஊர்வலத் தகராறுக்கு அடியில் நிலம் இருப்பதும் உண்டு.

அயர்லாந்துக்கு இணையத்தில் பார்க்க வேண்டியவை: அவர்களின் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1818-இலிருந்து தொடங்கும் தலைமைச் செயலர் அலுவலகத் தாள்களின் விளக்கப் பட்டியல், 1823–37 தசமபாகக் கணக்குப் புத்தகங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு குடியானவர் பெயரும் நில அளவும் இருக்கும். மிரட்டல் ஓலை வந்த ஊரின் பக்கத்தை எடுத்து யாரிடம் எவ்வளவு நிலம் என்று வரிசைப்படுத்துங்கள். நம் பக்கத்தில் இதே வேலையை 1860-களின் இனாம் (மானிய நிலப்) பதிவேடு செய்யும். தலையாரி மானியம் எந்தப் புலம், எவ்வளவு, யார் அனுபவத்தில் என்று ஊர்வாரியாக இருக்கும். 1881-இல் காக்ஸ் தொகுத்து, 1895-இல் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது கலெக்டர் அலுவலகத்தின் பார்வை.

கடைசியாக ஊருக்குள் போகும்போது புல எண் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பரம்பரைக் கிராம அலுவலர் பதவி 1980-இல் ஒழிந்தாலும் கணக்குப்பிள்ளை வீடுகளில் பழைய கட்டுகள் கிடக்கின்றன. போனவுடன் கலகம், திருட்டு என்று பேச்செடுக்காதீர்கள், வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். 'தாத்தா, உங்க வீட்ல பழைய கணக்குக் கட்டு எதுனா இருக்குதுங்களா?' என்று தொடங்கி, 'அந்தக் கொல்லைய என்னான்னு சொல்லுவீங்க?' என்று கேளுங்கள். 'தலையாரி மானியம்', 'காவக்காரன் கொல்லை' என்று பெயர் வந்தால் புல எண்ணை அப்போதே குறித்து, இனாம் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கட்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். அங்கேயே திண்ணையில் வெளிச்சத்தில் விரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எந்த முடிச்சில் கட்டியிருந்ததோ அதே முடிச்சில் கட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஓரம் பொடிந்த தாளை இழுத்துப் பிரிக்காதீர்கள், ஒட்டுநாடாவும் போடாதீர்கள்.